மேலே யாரும் நடக்காத அறை

வியாழக்கிழமைகளில் மட்டும் வனஜா தெருவின் எதிர்ப் பக்கமாக நடப்பாள். பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு அன்றுதான் நவநாள் கூட்டம். மெழுகுவர்த்தி, ரோஜா மாலை, பொரி, பலூன் என்று ஒரு பக்க நடைபாதை முழுக்கக் கடை விரித்துவிடுவார்கள். அந்த வரிசையில், பேக்கரிக்கு முன்னால், நீலத் தார்ப்பாயில் மணிமாலைகளும் ஜெபமாலைகளும் பரப்பி ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பெயர் லட்சுமம்மா. வனஜாவின் மாமியார்.

ஆஸ்பத்திரியில் முதல் ஷிப்ட் முடிந்து, டே-கேரிலிருந்து மகள் அதிதியைக் கூட்டிக்கொண்டு மூன்றரை மணிக்கு வனஜா அந்த வழியாக வருவாள். மாமியாரைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். அதிதிக்கு நான்கு வயது. அவளுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை பாட்டி உண்டு, வியாழக்கிழமை பாட்டி இல்லை. பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டது. பேக்கரி எதிரே வந்ததும் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்ளும்.

வனஜாவும் அவள் கணவன் கவியரசனும் எங்கள் வீட்டு முதல் மாடியில் குடியிருந்தார்கள். கீழே என் அம்மா பிரிஜெட். அவர்கள் நரிக்குறவர்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு போகும். வீடு போனால் வேலை போகும். அவர்கள் சொந்த ஊரான சந்தாபுராவிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தாலும் ஆறு மணி ஷிப்டுக்கு வந்து சேர முடியாது. வனஜா அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். முதல் ஷிப்டுக்கு வர முடியும் என்றால் வா, இல்லையென்றால் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு இது தெரிய வந்தது ஜனவரியில். ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் வீடு திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட சீட்டு ரூமில் படுத்துக்கொண்டு, பையைக்கூடப் பிரிக்காமல் இருந்தேன். ஒரு வியாழக்கிழமை அம்மாவுடன் கோயிலுக்குப் போனேன். அம்மா தார்ப்பாய் முன்னால் குனிந்து நின்று, ஒரு ஜெபமாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் இதே விலைதானா சொன்ன? வாராவாரம் வர்ற ஆளுகிட்டயே ஏத்தறியே மேன்."

"தாயி, நீ கேக்காம வாங்குனா எனக்குத் தூக்கம் வராது. கேளு, இன்னும் கேளு" என்றாள் லட்சுமம்மா.

எதிர்ப் பக்கத்தில் வனஜா வேகமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த குழந்தை கண்ணைப் பொத்துவதற்காகக் கையை உருவிக்கொண்டது. அதே நொடி, லட்சுமம்மா ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டாள். பிறகு விரலைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். அங்கே குழந்தையும் விரலை விலக்கியிருந்தது.

"என்ன, கண்ணுல தூசா?" என்றாள் அம்மா.

"ஆமா தாயி. வியாழக்கெழம ஆனா விழுந்துடுது."

அன்று மாலை மாடிக்குத் துணி எடுக்க வந்த வனஜாவிடம், "உங்க பாப்பாவோட பாட்டி நல்லா பேசறாங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த கிளிப்புகள் கீழே விழுந்தன. பொறுக்கவில்லை.

"உங்க மம்மிகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"இல்ல."

"சொல்லப் போறீங்களா?"

"இல்ல வனஜா."

அவள் நம்பவில்லை. அடுத்த ஒரு மாதம், நான் அம்மாவுடன் பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் மாடிப்படியில் அவள் காலடி ஓசை நின்று போவது கேட்கும். நான் ஏதோ முள்ளங்கி விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். அது முடிந்ததும் காலடி மறுபடி நகரும்.

நம்பத் தொடங்கியதும் பேசினாள். துணி காயப்போடும் பத்து நிமிடம்தான் எங்கள் பேச்சு நேரம். சந்தாபுராவைத் தாண்டி ஒரு ஏரிக்கரையில் அவர்களுடைய வீடுகள். இருபதுக்கு மேல் இருக்காது. அவள் தாத்தா காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்தவர்கள். தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்வார்கள். வீட்டுக்குள் வாக்ரி பாஷை, வெளியே தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அப்பா சந்தையில் ஊசி, பாசி, சேஃப்டி பின் விற்றார். பள்ளியில் அவள் பெஞ்சில் எட்டாம் வகுப்பு வரை அவள் மட்டும்தான்.

"அதுல ஒரு லாபம்க்கா. பெஞ்ச் முழுக்க எனக்குத்தான். படுத்துக்கிட்டே நோட்ஸ் எழுதுவேன்."

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவுக்காரர்களுக்குச் சில வருடமாகப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கிறதாம். இந்தப் பக்கம் கேட்டால், நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்கிறார்களாம். அங்கே போனால், ஆதார் கர்நாடகாவில் இருக்கிறதே என்கிறார்களாம். எந்தச் சான்றிதழும் இல்லாமல்தான் அவள் பி.யு.சி. முடித்து, டயாலிசிஸ் டெக்னீஷியன் டிப்ளமா வாங்கினாள். ஏரிக்கரையில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் பெண்.

"நாலு மணி நேரம் அவங்க ரத்தம் என் கையில இருக்குக்கா. மெஷின் வழியா போயி திரும்பி வர்ற வரைக்கும் நான் பக்கத்துலயே இருக்கணும். இதுவரைக்கும் ஒரு பேஷன்ட்டுகூட நீ என்ன ஜனம்னு கேட்டதில்ல. வீட்டுக்குத்தான் கேக்கறாங்க."

பதினோரு வீடு பார்த்தார்கள். பத்து வீட்டில் கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்கள். ஒரு வீட்டில் சாவியைக் கையில் கொடுத்த பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் ஆள் வந்துவிட்டது என்றார்கள். வாடகைக்கு என்ற பலகை இரண்டு மாதம் தொங்கிக்கொண்டேயிருந்தது. பதினோராவது எங்கள் வீடு. அம்மா, "கிறிஸ்டியனா?" என்று கேட்டாள். "இந்து, ஆன்ட்டி. கிருஷ்ணகிரிப் பக்கம்" என்றாள் வனஜா. ஆஸ்பத்திரி வேலை, சின்னக் குடும்பம். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. பதினோரு மாத ஒப்பந்தம். ஆகஸ்டில் முடியும்.

பிப்ரவரியில் கவியரசனின் அப்பா இறந்துபோனார். அதோடு சாமி மூட்டை கவியரசனிடம் வந்தது.

ஒவ்வொரு வாக்ரி வம்சத்துக்கும் ஒரு சாமி மூட்டை உண்டு. அம்மனின் துணிகள், வெள்ளித் தகடுகள், முன்னோர்கள் பலி கொடுத்தபோது ரத்தத்தில் நனைத்த துணிகள் எல்லாம் அதில் இருக்கும் என்பார்கள். அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன். அவன் எங்கே தூங்குகிறானோ அங்கேதான் மூட்டையும் இருக்கவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. அந்த வீட்டுப் பெண்களும் தொடக்கூடாது. வெளியாள் கை பட்டுவிட்டால் பெரிய குற்றம். வம்சத்தார் எல்லோரும் கூடி, பலி கொடுத்து, பரிகாரம் செய்து முடிக்கும்வரை அந்தக் குடும்பத்தோடு யாரும் சேர்ந்து சாப்பிடமாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வனஜா ஒரு நாளும் பார்த்ததில்லை.

இன்னொரு விதியும் உண்டு. அதற்கு மேலே பெண்களின் பாதமோ பாவாடையோ போகக்கூடாது. ஏரிக்கரையில் மாடி என்று ஒன்று இல்லாததால் அவர்களுக்கு அதுவரை எந்தச் சிக்கலும் வந்ததில்லை. எங்கள் வீட்டில் அவர்கள் தலைக்கு மேலே நான் நடந்துகொண்டிருந்தேன். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கவியரசன் ஒரு கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் பழுது பார்ப்பவன். "கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கிட்டா போதும்க்கா. பாப்பாருங்க சமையக்கட்டு வரைக்கும் போவேன். கழட்டினா கேட்டைத் தாண்ட முடியாது" என்று சிரித்தபடி சொல்வான். மூட்டை வந்த நாளில் அவன் சிரிக்கவில்லை. குளித்து ஈரத் துணியோடு அதைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றான். அம்மா மர்பி டவுனில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள்.

"கட்டிலுக்கு அடியில வச்சா யாருக்கும் தெரியாது" என்றேன்.

"சாமிய எப்படிக்கா கட்டிலுக்கு அடியில வெக்கறது?"

வீட்டிலேயே உயரமான இடம் மாடிப்படிக் கூரை. அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. இரும்பு ஏணி வழியாக ஏறி, தொட்டிக்குப் பின்னால் செங்கல் அடுக்கி, மூட்டையைப் புதுத் தார்ப்பாயில் சுற்றி வைத்தான். அதற்கு மேலே வானம் மட்டும்தான். விதிப்படி சரியான இடம். பெங்களூரில் எதையாவது ஒளித்துவைக்க அதைவிட மோசமான இடம் இருக்கமுடியாது. கோடைகாலத்தில் இந்த ஊரில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது தொட்டியைத்தான்.

அவன் இறங்கும் வரை நான் தெருவைப் பார்த்துக்கொண்டு காவல் நின்றேன். எனக்கு அது ஒரு துணிச்சலான காரியமாகத்தான் பட்டது. வனஜா படியில் உட்கார்ந்து அதிதியின் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் காற்று அடித்தால் எழுந்து உட்கார்ந்தார்கள். மழை வந்தால் கவியரசன் வேலைக்கு நடுவில் எனக்கு போன் செய்வான்: "அக்கா, தார்ப்பாய் இருக்கா?"

ஏப்ரல் மாதம். டேங்கர் தண்ணீர்தான். ஒரு சனிக்கிழமை காலை தலை குளித்துவிட்டு, தண்ணீர் நாற்றமடிக்கிறது என்று அம்மாவிடம் நான்தான் புகார் சொன்னேன். சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

மூன்றரை மணிக்குத் தூங்கி எழுந்து வெளியே வந்தால், தொட்டி கழுவும் நாகேஷ் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு மாடிப்படிக் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். குழாயைத் திறந்துவிட்டதில் பாதித் தொட்டி காலியாகியிருந்தது. அம்மா கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள்.

"மேடம், இல்லி ஒந்து கண்ட்டு இதே" என்றான் நாகேஷ் கன்னடத்தில். "மூட்டை. தார்ப்பாய் போட்டு கட்டி வச்சிருக்காங்க. உங்களுதா?"

"என்னுது என்ன இருக்கு அங்க? கீழ போடு, பாக்கலாம்."

அவன் குனிந்து முகர்ந்து பார்த்தான். "ஏதோ பழைய வாசனை மேடம். ரத்தம் மாதிரி. யாரோ செய்வினை வச்சிட்டாங்க போல." கையால் தொட அவனுக்கும் மனமில்லை. தொட்டி தேய்க்கும் கம்பை எடுத்தான்.

"நாகேஷ், இரு" என்றேன். 

"ஏன், உனக்குத் தெரியுமா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து யாரோ படிகளில் ஓடிவரும் சத்தம். வனஜா அப்போதுதான் அதிதியோடு வேலையிலிருந்து வந்திருக்கிறாள். அடையாள அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"முட்டபேடி அண்ணா!" என்று கத்தினாள். "தொடாதீங்க. கம்பாலயும் வேண்டாம். அண்ணா, ப்ளீஸ்!"

நாகேஷ் கம்பை அந்தரத்தில் பிடித்தபடி சிரித்தான். "ஏனக்கா, உள்ள தங்கமா?"

"அப்படியே விட்டுடுங்க அண்ணா. இறங்கிடுங்க."

"உன்னுதா அது?" என்றாள் அம்மா.

 அந்த நேரத்தில் வனஜாவின் முகத்தில் ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய துணி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படியென்றால் ஏறிப்போய்த் தன் கையால் எடுக்கவேண்டும். அவளும் தொடக்கூடாது. எங்களுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாகேஷ் கம்பால் தள்ளிவிடுவான்.

"உன்னுதுன்னா எடுத்துட்டு வா. வேல நிக்குது, தண்ணி வீணாப் போவுது" என்றாள் அம்மா.

"நான் தொடக்கூடாது ஆன்ட்டி. அவர் வரணும்."

"உன் பொருள நீ தொடக்கூடாதா? என்ன கதை இது? திருட்டுப் பொருளா? வனஜா, என்னப் பாரு. போலீஸ் விஷயமா?"

"இல்ல ஆன்ட்டி. சாமி. எங்க சாமி அது."

"எந்தச் சாமிய தண்ணி டேங்குல வெப்பாங்க?"

"எங்க சாமிக்கு மேல யாரும் நடக்கக்கூடாது ஆன்ட்டி." அவள் ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள். "நாங்க வாக்ரி. நரிக்குறவங்க."

மேலே நாகேஷ் முதலில் அசைந்தான். "தேவரா? சாமியா?" என்றான். கம்பை மெதுவாகக் கீழே வைத்தான். தன் கம்பூட்ஸைப் பார்த்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏணியில் இறங்கிவிட்டான். "நான் முட்டல்ல மேடம். பாத்தீங்கல்ல, நான் முட்டவே இல்ல."

அம்மா வனஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்ச் வாசல்ல மணி விக்கிறாளே ஒரு கொறத்தி..."

"என் மாமியார், ஆன்ட்டி. பேரு லட்சுமம்மா."

அம்மாவின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஜெபமாலை இல்லை. அவள் கல்யாணத்துக்கு என் பாட்டனார் வேளாங்கண்ணியிலிருந்து வாங்கிவந்த ஜெபமாலை அறுந்துபோய், இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, கோத்துத் தரச் சொல்லி லட்சுமம்மாவிடம்தான் கொடுத்திருந்தாள்.

கவியரசன் மாரத்தஹள்ளியில் இருந்தான். போனில், "யாரும் தொட்டாங்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றேகால் மணி நேரமும் வனஜா மாடியை விட்டு இறங்கவில்லை. நாகேஷ் என்ன செய்வானோ, அம்மா என்ன செய்வாளோ என்று ஏணியின் அடியிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், தலையாட்டினாள், உட்காரவில்லை. நாகேஷுக்கு ஈஜிபுராவில் இன்னொரு தொட்டி இருந்தது. "ஸ்வல்ப லேட் ஆகும்" என்று அவர்களுக்கு போனில் சொன்னான். "இல்லி தேவரு பந்துபிட்டிதாரே", இங்கே சாமி வந்துவிட்டாரே என்றும் சேர்த்துக்கொண்டான். அதைக் கேட்டு அதிதி மட்டும் சிரித்தாள்.

கவியரசன் வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. மாடிக் குழாயில், கம்பெனி டி-ஷர்ட்டோடு அப்படியே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏறினான். முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். டி-ஷர்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அத பிரிச்சுக் காட்டு" என்றாள் அம்மா.

"முடியாது ஆன்ட்டி."

"என் வீடு இது. என் டேங்குக்குப் பக்கத்துல ரெண்டு மாசமா என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியணும்."

"நான் எங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் ஆன்ட்டி. போலீச வேணா கூப்பிடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

"பொய் சொல்லி வீட்டுக்குள்ள வந்தீங்க."

"பத்து வீட்டுல நெஜம் சொன்னோம் ஆன்ட்டி" என்றாள் வனஜா. குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் பயந்த நோயாளிகளிடம் இப்படித்தான் பேசுவாளோ என்னவோ.

 "மூட்டைய அனுப்பிடு" என்றாள் அம்மா கடைசியில். "நீயும் பாப்பாவும் இருங்க. உன் புருஷனும் இருக்கட்டும். அது வேண்டாம்."

கவியரசன் வனஜாவைப் பார்த்தான். மூட்டை ஏரிக்கரைக்குப் போனால் அவனும் போகவேண்டும். அவன் போனால் காலை ஐந்தரைக்கு வனஜா கிளம்பும்போது அதிதியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

"இந்த ரூமுக்கு மேல யாரும் இல்ல மம்மி" என்றேன்.

"என்ன?"

"சீட்டு ரூம். இதுக்கு மேல மாடி இல்ல. யாரும் நடக்கமாட்டாங்க. இவங்க இங்க வரட்டும். நான் கீழ அவங்க போர்ஷனுக்குப் போறேன்."

"நீ பேசாதே. நீ எப்ப மறுபடி பைய தூக்கிட்டுப் போவேன்னு எனக்கே தெரியாது. நீ போயிடுவ. இருக்கறவ நான். தெருவுல கேட்டா பதில் சொல்லவேண்டியவ நான்." அம்மா மூட்டையைக் காட்டினாள். "ஆறு வருஷம் உலகம் பூரா சுத்தினியே. ஒரு இடத்துலயாவது உன் மூட்டைய பிரின்னு யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஸ்லோவாகியாவின் கிழக்கே ஒரு சின்ன ஊர். சோப்பு வாங்க ஒரு கடைக்குப் போனேன். காவலாளி என் பின்னாலேயே வந்தான். வாசலில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னான். என் உள்ளாடைகள் உட்பட எல்லாம் மேஜைமேல் கிடந்தன. என்னை அவன் ரோமா என்று நினைத்துவிட்டான். அந்த நாட்டில் ரோமா என்றால், பல நூறு வருடத்துக்கு முன்னால் நம் பக்கமிருந்து போனவர்கள். ஊருக்கு வெளியே குடியிருப்பு, கேட்டால் வாடகைக்கு வீடு கிடையாது. நான் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். இந்தியா என்றேன். நான் அவர்கள் இல்லை என்றேன். அவன் மன்னிப்புக் கேட்டு, சோப்பை அவனே பையில் போட்டுக் கொடுத்தான். எனக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நம் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அப்படி ஒரு முகம். காட்டுவதற்கு அவளிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை. அவள் பையை அவளே கொட்டத் தொடங்கினாள், அவன் கேட்பதற்கு முன்பே. நான் நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சொல்லி முடித்தபோது நாகேஷ்கூட வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு வனஜாவிடம், "ஆகஸ்ட் வரைக்கும் அக்ரிமென்ட் இருக்கு" என்றாள். "அதுவரைக்கும் இருங்க. மேல ரூம்லயே வச்சுக்கோங்க. பலி கிலின்னு ஒண்ணும் என் வீட்டுல கூடாது. ஆகஸ்ட்ல பாக்கலாம்." ஏணியைத் தாண்டிப் படியிறங்கும்போது நாகேஷைப் பார்த்து, "என்ன நிக்கற? டேங்க கழுவு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாறினோம். சீட்டு ரூம் ஏப்ரல் வெயிலில் அடுப்பு. வனஜா நனைத்துக் கொடுத்த சாக்குகளைக் கவியரசன் கூரைமேல் போட்டான். என் பையை நான் கீழே கொண்டுபோய், முதல் முறையாகப் பிரித்து அடுக்கினேன். ஒரு அலமாரி தேவைப்பட்டது, வாங்கினேன். ராத்திரியில் தலைக்கு மேலே அதிதி ஓடும் சத்தம் கேட்கும். அம்மாவுக்கும் அது கீழே கேட்டிருக்கும். வனஜாவுடன் அவள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் யாரிடமாவது சொன்னாளா என்றும் தெரியவில்லை. வேலைக்குப் போகும்போது வனஜா தினமும் என் கதவைத் தட்டி, "மம்மி ஏதாவது சொன்னாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை வந்தது. நான் பேக்கரி வாசலில் நின்றிருந்தேன். மூன்றரை மணிக்கு வனஜா இந்தப் பக்க நடைபாதையில் வந்தாள். அதிதி பழக்கத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தவள், தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வந்ததும் யாரோ தன் கையை விலக்குவதை உணர்ந்து பயந்து போனாள். வனஜாதான். "பாரு" என்றாள். "இன்னிக்கும் பாட்டி இருக்காங்க."

லட்சுமம்மா பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டாள். பக்கத்து மெழுகுவர்த்திக் கடைக்காரர் பார்த்தார். வனஜா அவர் பார்ப்பதைப் பார்த்தாள். அடையாள அட்டையைச் சட்டைக்குள் விடப்போனவள், வெளியிலேயே விட்டுவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க உங்கம்மா?" என்று லட்சுமம்மா என்னைக் கேட்டாள். மடியிலிருந்து ஒரு சின்னத் துணிப் பையை எடுத்துக் காட்டினாள். அம்மாவின் ஜெபமாலை. ஐம்பத்தொன்பது மணியும் புது நூலில். "ஒரு மணி கூடப் போகல. எண்ணிப் பாத்துக்கச் சொல்லு."

"குடுங்க, நான் கொண்டு போறேன்."

"நீயா?" பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். "கையில குடுத்தவங்க கையிலதான் குடுப்பேன். வரட்டும். நான் எங்க போயிடப் போறேன்?"

வனஜா என் கையைத் தொட்டு, கண்ணால் காட்டினாள். எதிர்ப் பக்க நடைபாதையில் அம்மா வந்துகொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகிற புடவை, கையில் குடை, பார்வை நேராக. வாராவாரம் வனஜா நடந்த அதே ஓரம். பேக்கரிக்கு எதிரே வந்ததும் நடை மெதுவானது. நின்றாள். அவள் கை கழுத்துக்குப் போயிற்று, இறங்கியது.

இடையில் ஒரு பேருந்து போயிற்று. அதன் பின்னால் வரிசையாக ஆட்டோக்கள். லட்சுமம்மா அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. துணிப் பையின் கயிற்றை அவிழ்த்து, ஜெபமாலையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். வனஜா எழுந்து நின்றுவிட்டாள். ஆட்டோக்கள் தீர்ந்து சாலை காலியானது. அம்மா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், ஒரு கால் நடைபாதையிலிருந்து கீழே இறங்கியபடி.